ஆத்தூர் பாலத்தில் ஒற்றைச் சக்கரம்

மார்கழி மழையில் திருச்செந்தூர் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"ஐப்பசியில இருந்து எம்மவ ஒத்தச் சக்கர சைக்கிள்லதான் உப்பள ஆபீசுக்குப் போறா."

"மத்தச் சக்கரத்த யாருளா களவாண்டா?"

"சிரி. நான் படுத்த படுக்கையா கெடந்தப்ப, எந்திரிச்சு நடக்கணும்னு முருகனுக்கு நேந்துக்கிட்டா. தைப்பூசம் வரைக்கும் வேலைக்கு ஒத்தச் சக்கரத்துலதான் போகணும், போற வழியில அவ கால் தரையில படக்கூடாது."

ஆத்தூர் பாலத்தில் பஸ் ஏறியதும் முன்னால் ஒற்றைச் சக்கரத்தில் போகும் ஒரு பெண் தெரிந்தாள். ஆற்றுக்காற்று அவளைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் தள்ளியது. டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, அடிக்காதீங்க! அது எம்மவ. திடுக்கிட்டா கால ஊனிருவா."

பஸ் அவள் பின்னால் ஊர்ந்தது. பாலம் முடியும்வரை அவள் கால் ஊன்றவில்லை.

டிரைவர் திரும்பி அந்தத் தாயைப் பார்த்தார்.

"இனி அடிக்கலாமாம்மா?"

"மெல்ல, அண்ணாச்சி. ரொம்ப மெல்ல."