மூன்று பாகம் தங்கூசி

ஆக்னேஸ்: ...அப்ப தாலப் பருவம் எங்க?

நீக்கிலாஸ்: எந்தத் தாலப் பருவம்?

ஆக்னேஸ்: மகனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடுறன் எண்டு வெளிக்கிட்டனியள். காப்புப் பாடியாச்சு. செங்கீரை பாடியாச்சு. இப்ப இந்த ஸ்ரேசன் வாங்கில இருந்துகொண்டு சப்பாணிக்குச் சீர் எண்ணுறியள். நடுவில ஒரு தாலாட்டு வரவேணுமே...

நீக்கிலாஸ்: உபதேசியாற்ற மகளைக் கட்டினது என்ர பிழை. வேற பெண்ணெண்டால் "நல்லாயிருக்கு" எண்டு சொல்லிப்போட்டு விட்டிருக்கும்.

ஆக்னேஸ்: எட்டாம் மாசத்தில தாலாட்டு. அருளப்புக்கு எட்டு முடியப்போகுது.

நீக்கிலாஸ்: பாட்டுடைத் தலைவர் ஒத்துழைக்கிறார் இல்லை, நான் என்ன செய்ய? "தாலேலோ" எண்டு வாயெடுக்க முன்னம் ஐயாவுக்கு நித்திரை. எழுதினதும் பாழ்.

ஆக்னேஸ்: எழுதினனியளோ?

நீக்கிலாஸ்: மூண்டு தரம். மூண்டாந்தரம் கொப்பியை மடியில விரிச்சு வைச்சிருக்க, தோளில கிடந்த தலைவர் மழை பொழிஞ்சார். எதுகையும் போச்சு, மோனையும் போச்சு. எந்தப் புலவனுக்கும் இப்பிடியொரு கண்டனம் கிடைச்சிராது.

ஆக்னேஸ்: சிரிக்கப் பண்ணாதேங்கோ... சத்தத்துக்குப் பிள்ளை எழும்பீடுவான்.

நீக்கிலாஸ்: ...ஓம். எழும்பீடுவான். அதுசரி, இந்தப் பெட்டிக்குள்ள என்ன, கருங்கல்லோ? தூக்கின கை கழண்டுபோச்சு.

ஆக்னேஸ்: பிள்ளையின்ர துணியள்.

நீக்கிலாஸ்: எத்தினை?

ஆக்னேஸ்: பன்னிரண்டு.

நீக்கிலாஸ்: கரையூரில கொக்காவுக்குப் பிள்ளையைக் காட்டிப்போட்டு நாளையிண்டைக்குத் திரும்பப்போறம். பன்னிரண்டோ? அப்போஸ்தலர் அத்தினை பேரும் ஆளுக்கொண்டு உடுக்கலாம்.

ஆக்னேஸ்: நிக்கவேண்டி வந்தால்...

நீக்கிலாஸ்: ஏன் நிக்கவேணும்?

ஆக்னேஸ்: அக்கா... மறிப்பா.

நீக்கிலாஸ்: ஓம்... மறிப்பா.

கச்சு முகம்மது: அண்ணாவியார்! கோயில் பாட்டை ஆரிட்டக் குடுத்திட்டு எங்க பயணம், குடும்பத்தோட?

நீக்கிலாஸ்: வாங்கோ நானா, இருங்கோ. யாழ்ப்பாணத்துக்கு. ஆர்மோனியத்தில ஒரு கட்டை பேசுதில்லை, அதைத் திருத்த...

ஆக்னேஸ்: அக்காவைப் பாக்கப் போறம்.

நீக்கிலாஸ்: அக்காவைப் பாத்து, அப்பிடியே ஆர்மோனியத்தையும்...

கச்சு முகம்மது: ஆர்மோனியத்தைக் காணேல்லையே?

நீக்கிலாஸ்: ...கட்டையை மட்டும் கழட்டிக் கொண்டுபோறன்.

கச்சு முகம்மது: அதுவும் நல்லதுதான், பாரம் இல்லை. நான் கடையைப் பூட்டிப்போட்டுக் கிளிநொச்சிக்குப் போறன், சாமான் எடுக்க. எங்க, மகன் நித்திரையோ தங்கச்சி?

ஆக்னேஸ்: இப்பதான் கண் முழிச்சவன் நானா. முகத்தில வெய்யில் பட்டிட்டுது.

கச்சு முகம்மது: இவருக்கெண்டு கடையில ஒண்டு எடுத்து வைச்சனான். பைக்குள்ள கிடக்கவேணும்... இந்தா! கிலுகிலுப்பை. இஞ்ச பாருங்கோ ராசா... இஞ்ச, இஞ்ச... என்ன, நான் இவற்ற முதுகுக்குப் பின்னால நிண்டு இந்தக் கிலுக்குக் கிலுக்கிறன், இவர் தாயின்ர தோளுக்கு மேலால கள்ளிமரத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறார்?

நீக்கிலாஸ்: அவனுக்குப் பசி, நானா.

ஆக்னேஸ்: இப்பதான் வயிறு நிறையக் குடிச்சவன், அந்தக் கிறக்கம்.

கச்சு முகம்மது: பசியோ, நிறைஞ்சுதோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ.

நீக்கிலாஸ்: முன்னுக்கு வாங்கோ நானா. நீங்கள் முன்னுக்கு வந்து காட்டுங்கோ. அவனுக்கு நிறத்திலதான் ஆசை.

கச்சு முகம்மது: ஆ... கண்டிட்டார்! கையை நீட்டுறார்! பல்லில்லாத வாயால என்ன சிரிப்பு! அல்லாட காவல். என்ர மூண்டாவது, பக்கத்து வீட்டில கதவு அடிச்சாலே துள்ளி விழுவான். இவர் நல்ல அடக்கம்.

நீக்கிலாஸ்: அடக்கமோ! இந்தப் பாஸ்காவுக்குக் கோயிலில நடந்ததைக் கேளுங்கோ. பெரிய வியாழனில இருந்து எங்களுக்கு மணி அடிக்கிற வழக்கமில்லை, மரத்தட்டுத்தான். சனி இரவுப் பூசையில சாமியார் குளோரியா எடுக்க, அடங்கிக் கிடந்த மணி எல்லாம் ஒருமிக்க...

ஆக்னேஸ்: அந்தக் கதையை விடுங்கோவன்.

நீக்கிலாஸ்: ...ஒருமிக்க அடிச்சுது. கோயிலில இருந்த குழந்தைகுஞ்சு முழுக்க வீரிட்டுதுகள். எங்கட ஆள்? தாயின்ர மடியில அரசன் மாதிரி நித்திரை! சாமியாரே மெச்சினவர்.

ஆக்னேஸ்: விடுங்கோ எண்டனே!

கச்சு முகம்மது: ...ஏன் தங்கச்சி கோவிக்கிறா?

நீக்கிலாஸ்: கண்ணூறு படுமெண்டு பயம், நானா. தாய் மனசு.

கச்சு முகம்மது: என்ர கண் படாது தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. அதுசரி அண்ணாவியார், உங்களிட்ட ஒரு முறைப்பாடு. இப்ப கொஞ்ச நாளா விடியப்புறத்தில உங்கட பாட்டு என்ர கடை மட்டும் கேக்குது. சுபஹுத் தொழுகைக்கு நிக்கிறன், காதுக்குள்ள மாதா பாட்டு. முந்தி இந்தச் சத்தம் இல்லையே?

நீக்கிலாஸ்: வயசு போகப்போகத் தொண்டை திறக்குது, நானா. மன்னியுங்கோ.

கச்சு முகம்மது: பாட்டு நல்ல பாட்டுத்தான். பிள்ளையை எழுப்பவோ?

நீக்கிலாஸ்: ஓம். தாலாட்டுக்கு நித்திரை கொள்ளுறார், பள்ளியெழுச்சிக்கு எழும்புறார். இலக்கணம் தெரிஞ்ச பிள்ளை. நான் முதலடி எடுத்தவுடன ஏணை ஒரு ஆட்டம் ஆடும். உள்ளுக்குக் கண் முழிச்சுச் சிரிப்பார்.

கச்சு முகம்மது: அப்ப நல்ல கூர்மையான காது.

நீக்கிலாஸ்: ...ஓம் நானா.

கச்சு முகம்மது: கேக்க மறந்திட்டன் தங்கச்சி, அண்டைக்கு வாங்கின தங்கூசி காணுமோ? நான் கையை விரிச்சு அளந்த மூண்டு பாகம்தானே எடுத்தனீங்கள். அண்ணாவியார், முல்லைத்தீவு மீன்காரருக்கெண்டு வைச்சிருக்கிற நைலோன் நூல் அது. இந்தக் காட்டுக்குள்ள தங்கூசி வாங்கின முதலாள் உங்கட வீட்டுக்காரிதான்!

ஆக்னேஸ்: அது... அது பாவற்கொடி படர விடுறதுக்கு, நானா.

கச்சு முகம்மது: பாவற்கொடிக்குத் தங்கூசியோ?

நீக்கிலாஸ்: ஓம் நானா. பாவல் நல்லாப் படருது. குசினிப் பக்கமா.

கச்சு முகம்மது: அப்ப காய்ச்சால் ரெண்டு காய் கடைக்கும் அனுப்புங்கோ. ஆ, கைகாட்டி விழுந்திட்டுது. கோச்சி புளியங்குளத்தை விட்டுட்டுது போல. நான் சாக்குகளோட முன்பெட்டியில ஏறவேணும். வாறன் தங்கச்சி. வாறன் அண்ணாவியார். மகன், போட்டு வாறன்... பாருங்கோ, கூப்பிட்டாலும் திரும்பாத பெரிய மனுசன்!

நீக்கிலாஸ்: ...நல்ல மனுசன். இல்லையோ?

ஆக்னேஸ்: ஓம்.

நீக்கிலாஸ்: கிலுகிலுப்பை நல்ல சிவப்பு.

ஆக்னேஸ்: இஞ்சருங்கோ. ஒண்டு கேக்கட்டே?

நீக்கிலாஸ்: கேளும்.

ஆக்னேஸ்: ஞானஸ்நானம் குடுக்கேக்க, சாமியார் பிள்ளையின்ர காதைத் தொட்டவரோ?

நீக்கிலாஸ்: ...காதையோ?

ஆக்னேஸ்: துப்பல் தொட்டு, "எப்பேத்தா... திறக்கப்படு" எண்டு சொல்லிக் காதைத் தொடுறவை. பெத்த உடம்போட நான் வீட்டில கிடந்தன். ஞானத்தாய்தானே பிள்ளையை ஏந்தினவா. நான் காணேல்லை.

நீக்கிலாஸ்: தொட்டவர்.

ஆக்னேஸ்: ரெண்டு காதையும்?

நீக்கிலாஸ்: ரெண்டையும்.

ஆக்னேஸ்: கண்ணால கண்டனியளோ? இல்லாட்டிப் பாட்டுக் கொப்பியைப் பாத்துக்கொண்டு நிண்டனியளோ?

நீக்கிலாஸ்: வலக்காதைத் தொட்டதைக் கண்டன். இடக்காதைத் தொடேக்க... அவன் தலையைத் திருப்பினவன்.

ஆக்னேஸ்: திருப்பினவனோ! ஏதும் சத்தம் கேட்டோ?

நீக்கிலாஸ்: ...இல்லை. சாமியாற்ற தாடியைப் பாக்க. ஏன் கேட்டனீர்?

ஆக்னேஸ்: சும்மா.

நீக்கிலாஸ்: எட்டு மாசம் கழிச்சுச் சும்மா ஒருத்தரும் எப்பேத்தா கேக்கமாட்டினம், ஆக்னேஸ்.

ஆக்னேஸ்: குளிப்பாட்டுற நேரமெல்லாம் நான் தொடுறனான். என்ர துப்பலால. முதல் வலது, பிறகு இடது. ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொல்லலாமோ, சொன்னால் பலிக்குமோ... தெரியாது. பிசகாமல் ரெண்டு பக்கமும் சொல்லுறனான்.

நீக்கிலாஸ்: எப்ப தொடக்கம்?

ஆக்னேஸ்: பாஸ்காவில இருந்து. மணி எல்லாம் அடிச்சுதே... பக்கத்தில இருந்த தாய்மார் எல்லாரும் பிள்ளையளைத் தேத்திச்சினம். எனக்குத் தேத்துறதுக்கு அழுகை இல்லை. சும்மா கையை வைச்சுக்கொண்டு நிண்டன். நீங்கள் மேல பாட்டுக்காரரோட நிண்டு என்னைப் பாத்துச் சிரிச்சியள்.

நீக்கிலாஸ்: ...சிரிச்சனான்தான்.

ஆக்னேஸ்: பெருமையில சிரிக்கிறியள் எண்டு நினைச்சன்.

நீக்கிலாஸ்: முதல்ல பெருமைதான். பிறகு உம்மட முகத்தைக் கண்டன்... அதுக்குப் பிறகு சிரிப்பை இறக்கி வைக்க இடம் தெரியேல்லை.

ஆக்னேஸ்: உங்கட சேட்டுப் பொக்கற்றில ஒரு கடிதம் கிடக்குது. மூண்டு கிழமையா.

நீக்கிலாஸ்: ...எப்பிடித் தெரியும்?

ஆக்னேஸ்: சேட்டை ஆர் தோய்க்கிறது? எடுத்து வைச்சு, தோய்ச்சுக் காயவிட்டு, திரும்ப அதே மடிப்பில வைச்சனான்.

நீக்கிலாஸ்: வாசிச்சனீரோ?

ஆக்னேஸ்: இங்கிலீசு. ஆனால் எங்கட ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவின்ர எழுத்து எனக்குத் தெரியும். அருளப்பின்ர பேரும் தெரிஞ்சுது. நேற்று நீங்கள் திடீரெண்டு "கொக்காவைப் பாக்கப் போவம்" எண்ட உடன, பன்னிரண்டு துணி வைச்சன்.

நீக்கிலாஸ்: நாளைக்கு வியாழன். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில காது பாக்கிற டொக்டர் வியாழனில வாறவராம்... உமக்கு அங்க போய்ச் சொல்லலாம் எண்டு இருந்தன்.

ஆக்னேஸ்: எங்க? டொக்டற்ற வாசலிலயோ?

நீக்கிலாஸ்: ...ஓம். வாசலில.

ஆக்னேஸ்: நல்ல ஆள் நீங்கள். ஆர்மோனியக் கட்டையாம்!

நீக்கிலாஸ்: பேசாத கட்டை எண்டு வாயில தானா வந்திட்டுது. சொன்ன பிறகுதான் நெஞ்சு திடுக்கிட்டுது.

ஆக்னேஸ்: தாலப் பருவம் ஏன் எழுதேல்லை எண்டும் எனக்குத் தெரியும்.

நீக்கிலாஸ்: ...கோச்சி வருது. பெட்டியை எடும். இல்லை, விடும், நான் எடுக்கிறன். நீர் பிள்ளையைப் பிடியும்.

ஆக்னேஸ்: பிடிச்சிருக்கிறன்.

நீக்கிலாஸ்: இது புது டீசல். ஊதினால் முறிகண்டி மட்டும் கேக்குமாம்... ஊதப்போறான். ஆக்னேஸ், பிள்ளையைப் பாரும்.

ஆக்னேஸ்: பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

நீக்கிலாஸ்: ஊதுறான்...

ஆக்னேஸ்: ...

நீக்கிலாஸ்: என்ன செய்யிறான்? எனக்குப் பாக்கத் துணிவில்லை. சொல்லும்.

ஆக்னேஸ்: என்ர செபமாலையைச் சப்பிக்கொண்டிருக்கிறான்.

நீக்கிலாஸ்: இமை ஒருக்கா...?

ஆக்னேஸ்: இல்லை.

நீக்கிலாஸ்: ...ஆண்டவரே.

ஆக்னேஸ்: இஞ்சருங்கோ, ஏற முன்னம் ஒண்டு. டொக்டர் கேட்டால், விடிய நீங்கள் பாடேக்க ஏணை ஆடுது, பிள்ளை சிரிக்கிறான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அவர் அதை நம்பிப்போடுவார்.

நீக்கிலாஸ்: ஏன் சொல்லக்கூடாது?

ஆக்னேஸ்: அது பிள்ளை இல்லை... நான். அந்தத் தங்கூசியை ஏணையில கட்டி, தட்டி ஓட்டைக்குள்ளால குசினிக்கு எடுத்து வைச்சிருக்கிறன். நீங்கள் முதலடி எடுக்க நான் இழுக்கிறனான். ஒரு நாள் நீங்கள் பாடி முடிச்சுப்போட்டு, அவன் அசையாமல் கிடக்க, அப்பிடியே நிண்டியள்... அந்த முகத்தை என்னால இன்னொருக்காப் பாக்கேலாது. உங்களை ஏமாத்திப்போட்டன். மன்னியுங்கோ.

நீக்கிலாஸ்: படி உயரம், கவனமா ஏறும்... எங்கட வளவில எங்க பாவற்கொடி, ஆக்னேஸ்? கொப்பி எடுக்கக் குனிஞ்ச ஒரு நாள் அந்தத் தங்கூசி என்ர கழுத்தில பட்டது. அண்டையில இருந்துதான் நான் உரத்துப் பாடத் தொடங்கினது... அடுப்புச் சத்தத்துக்கு மேலால குசினியில உமக்குக் கேக்கவேணுமெல்லோ.