வரிசை எண் நாற்பத்தொன்று

“உப்பு சரியா இருக்காப்பா?”

“கொஞ்சம் கம்மி. பரவாயில்லம்மா.”

“கம்மியாத்தான் போடுவேன். உங்க கொதிப்புக்கு இதுவே அதிகம்.” என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு மகள் எதிரே உட்கார்ந்தாள். “அவருக்கு மாத்தல் வரும்போல இருக்குப்பா.”

“வரட்டுமே. நல்லதுதானே.”

“ரயில்ல ஒன்றரை நாள் தூரம். மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நீங்க இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவோம். வேலையை விட்டுட்டு இங்கயே குழாய்க்கடை வச்சுக்கறேன்னு அவரே சொல்றார்.”

“எனக்கென்னம்மா. நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருந்தா சரி.”

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்த பேச்சு இது. எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், ஐயா. இங்கேதான். மனைவி போன பிறகு அந்த ஞாயிறு மதியச் சாப்பாடு ஒன்றுதான் எனக்கு வாரம் என்று ஒன்று இருப்பதற்கே அடையாளம். ஆனால் பெற்றவன் தன் வாயால் பிள்ளைகளைக் கட்டிப்போடக் கூடாது. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவனும் இல்லை.

எங்கள் ஆலையில், எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைக் கரைத்து, வேண்டியதைப் பிரித்தெடுப்பார்கள். நான் அங்கே பில்லைக்காரன். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தீப்பெட்டி அளவில் ஒரு பில்லையை நெஞ்சில் குத்திக்கொண்டு போவார்கள். உடம்பு வாங்குகிற கதிர்வீச்சை அதுவும் வாங்கிக்கொள்ளும். மாதம் முடிந்ததும் பில்லைகளை இயந்திரத்தில் வைத்து, அது காட்டுகிற எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவேன். இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன். வருடத்துக்கு இருபது மில்லிசீவர்ட் வரை போகலாம். இருபதைத் தாண்டினால் அந்த ஆளை உள்ளே விடக் கூடாது. நிரந்தரத் தொழிலாளி என்றால் தூரத்துக் கிளைக்குக் குடும்பத்தோடு மாற்றிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் நேரே வீட்டுக்கு.

அதனால் ஒப்பந்த ஆட்கள் பில்லையைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் ஒளித்துவிட்டு உள்ளே போவதுண்டு. நான் கதவருகே நின்று டப்பாக்களைத் திறந்து பார்ப்பேன். “யோவ், பில்லைக்கும் பசிக்குதா? எடுத்துக் குத்துய்யா. உன் உடம்பைப் பத்திரமா உன் பொண்டாட்டிகிட்ட திருப்பிக் குடுக்கணும் நான்” என்பேன். முணுமுணுத்துக்கொண்டே குத்திக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் என்னைப்போல் கறாரான ஆள் அந்த ஆலையில் இருந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

மாப்பிள்ளை அங்கே வால்வு பழுது பார்த்தார். அவரைப் பற்றி ஒரு குறை என்னால் சொல்ல முடியாது. சிரித்த முகம். என் மகள் அதட்டினால் எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பதிவேட்டில் என் வரிசை எண் நாற்பத்தொன்று. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பத்திரண்டு காலியாக இருந்தது. பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நான்தான் அதைக் கொடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவர் பில்லையைப் படித்தேன். பழைய கணக்கோடு சேர்த்தால் இருபத்தொன்று. மாற்றல் நிச்சயம். அடுத்து என் பில்லை. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஏறிவிடும், பூஜ்யம் புள்ளி ஒன்று. அவருடைய எண்ணை நாற்பத்தொன்றில் எழுதினேன். என்னுடையதை நாற்பத்திரண்டில் எழுதினேன். ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எந்த எண்ணையும் அழிக்கவில்லை, குறைக்கவில்லை, மனதிலிருந்து எழுதவில்லை. இயந்திரம் சொன்னதெல்லாம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. ஒரு வரி மேலே இருக்கிறது, அவ்வளவுதான். பில்லை படிப்பவனின் வரியை யாரும் பார்ப்பதில்லை.

மாற்றல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

“மாமா, என் பில்லை என்ன சொல்லுது?” என்பார் மாப்பிள்ளை, கை கழுவிக்கொண்டே.

“இரும்பு உடம்பு மாப்பிள்ளை உங்களுக்கு.”

“இதை உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. காலி சிலிண்டரைத் தூக்கினாலே மூச்சு வாங்குதுன்னு கேலி பண்றா.”

“இரும்புன்னா துருப்பிடிச்ச இரும்பா இருக்கும்ப்பா,” என்பாள் அவள் உள்ளேயிருந்து. மூவரும் சிரிப்போம். நல்ல வீடு ஐயா எங்களுடையது.

பில்லையில் குறைவாக இருப்பவர்களைத்தான் மேஸ்திரி, கதிர்வீச்சு அதிகமுள்ள சூடான அறைக்கு முதலில் அனுப்புவார். அது நியாயமான முறை. அந்த மாதத்திலிருந்து ஏட்டில் மாப்பிள்ளைக்குப் பூஜ்யத்தை ஒட்டித்தான் ஏறியது. அதனால் அவரைத்தான் அடிக்கடி அனுப்பினார். மாதம் நாற்பது, ஐம்பது என்று வர ஆரம்பித்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் வருடம் சூடான அறையின் எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. எட்டு மாதம் அப்படியே கிடந்தது. சங்கம் பதினோரு மனு கொடுத்தது. உதிரிபாகம் வர வேண்டும் என்று மேலாளர் பதினோரு பதில் கொடுத்தார். அந்த எட்டாவது மாதத்தில் ஒரு குழாய் கசிந்தது. மணி அடிக்காததால் மாப்பிள்ளை அதன் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் வால்வு மாற்றினார். வேலை சுத்தமாக முடிந்தது என்று மேஸ்திரி தட்டிக்கொடுத்தாராம்.

அவர் பில்லை எழுநூற்றுப் பத்து காட்டியது. இயந்திரத்தில் கோளாறோ என்று இன்னொரு முறை வைத்தேன். எழுநூற்றுப் பத்துதான். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கதிர்வீச்சு வியாதிக்கான ஆஸ்பத்திரியும் கிளை இருக்கிற அந்தத் தூரத்து நகரத்தில்தான் இருக்கிறது. அவள் கூடப் போவாள். அங்கேயே தங்கிவிடுவாள். நாற்பத்தொன்றில் எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிறகு அவருக்கு ஈறில் ரத்தம் வந்தது. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. மகளால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, இருவரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். காலையில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். வாரம் முழுதும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது.

உள்ளூர் மருத்துவர் கெட்டிக்காரர். இவர் ஆலையில் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறார் என்று எழுத்தில் கேட்டார். பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். ஒரு வருடத்துக்கு ஒன்று புள்ளி இரண்டு. ஏட்டில் நாற்பத்திரண்டுக்கு நேரே அதுதான் இருந்தது. அவர் காகிதத்தை நம்பினார். சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஏழு மாதம், வேளை தவறாமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். “அப்பா இருந்திருந்தாகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார் மாமா” என்று ஒருநாள் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சங்கத்துச் செயலாளரை ஆலையில் மெகாபோன் என்று கூப்பிடுவார்கள். மணி விவகாரத்தில் அவர் விடாமல் முட்டி மோதி, பதிவேட்டைப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டார். மறுநாளே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சத்தமே வரவில்லை அவருக்கு.

“அண்ணே, உங்க வரியைப் பார்த்தேன். ஆயிரத்துக்கு மேல இருக்குண்ணே. நீங்க எப்படி நடமாடிட்டு இருக்கீங்க? எங்க டப்பாவையெல்லாம் திறந்து பார்த்தீங்களே, உங்களை யாருண்ணே பார்த்தது?”

அத்தனையும் என் உடம்பில் ஏறியது என்று அவராக நினைத்துக்கொண்டார், அதை நான் கெடுக்கவில்லை. ஆலை வாசலில் கூட்டம் போட்டார்கள். நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். உழைப்பாளியின் உடம்பை நிர்வாகம் எப்படி உறிஞ்சுகிறது என்பதற்கு நான் சாட்சி. முன்வரிசையில் ஒப்பந்த ஆட்கள் அழுதார்கள். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையும் வந்திருந்தார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை. மெகாபோனிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கி, “எனக்கு வெறும் சோகைதான். எங்க மாமாவைக் காப்பாத்துங்க” என்றார். அதற்கே மூச்சு வாங்கியது.

ஒன்பது நாள் கழித்து, மதியத் தூக்கத்தில் போய்விட்டார். எதுவும் தெரியாமலே போனார். அதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

அப்பாவாவது மிஞ்ச வேண்டும் என்று மகள் என்னைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து வரவழைத்த மருத்துவர், ஒரு பெண். ரத்த அறிக்கையைப் பார்த்தார். “உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல ரத்தத்தை நான் பார்த்ததில்ல,” என்றார். பதிவேட்டின் நகலை இழுத்து நாற்பத்தொன்றில் விரலை வைத்தார். பிறகு விரல் ஒரு வரி கீழே இறங்கியது. “இது யாரு?” என்றார். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பதில் சொன்னாள். “என் வீட்டுக்காரர்.”

கொல்ல வேண்டுமென்று செய்தீர்களா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். இல்லை. அவர்மேல் எனக்குப் பாசம். எழுநூற்றுப் பத்து என்றால் என்னவென்று தெரியுமா என்றால், தெரியும். அந்த ஆலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தெரிந்துதான் எழுதினேன். தெரிந்துதான் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன். ஏழு மாதமும் தெரிந்துதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை அவளை உள்ளே விட்டீர்கள். நீங்களும் சுவர் ஓரமாக நின்றீர்கள், ஆனாலும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். கையில் ஒரு கவர் வைத்திருந்தாள். கருணை அடிப்படையில் அவளுக்கு ஆலையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். எந்த நகரத்துக்கு அவள் போய்விடக் கூடாதென்று மூன்று வருடம் எழுதினேனோ, அதே நகரத்துக் கிளையில். நாளைக்கு ரயில்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா,” என்றாள். அழவில்லை. “அன்னைக்கு நான் கேட்டேன்ல. நீங்க இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்போம்ல.”

“உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னுதான்ம்மா.”

அவள் எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்குள் தள்ளினாள், அவள் அம்மா பழக்கிய பழக்கம். கதவுவரை போய்விட்டாள். கேட்பது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

“போகாதம்மா,” என்றேன். “இப்பத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போக யாரும் இல்லியே. என்கூடவே இரு.”