வல்லூறுக்குச் செய்த பெட்டி

வல்லூறு கூடு கட்டாது, ஐயா. பலருக்கு இது தெரியாது. பாறை இடுக்கில் காலால் லேசாகப் பறித்து, அந்தக் குழியிலேயே முட்டையிடும். பாறை இல்லாத ஊரில் உயரமான கட்டடமாகப் பார்க்கும். இங்கே காஜா பேராங் பகுதியில் மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலையின் தண்ணீர்க் கோபுரத்துக்கு ஒரு ஜோடி வந்தது அப்படித்தான். ஜப்பான்காரர்கள் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, காவலுக்கு அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

அந்தப் பறவைகள் வந்த வருடம் இட்ட முட்டைகள் ஒரு மழையில் உருண்டு விழுந்து உடைந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறு வருடம் பழைய பலகைகளைச் சேர்த்து ஒரு பெட்டி செய்தேன். முன்பக்கம் திறப்பு, சரிந்த கூரை, நீர் வடிய அடியில் துளைகள், உள்ளே சரளைக்கல். கோபுரத்தின் இரும்பு ஏணி பாதிக்குமேல் துருப்பிடித்து விழுந்திருந்தது. அங்கிருந்து மேலே செல்ல மர ஏணி ஒன்றையும் நானே பொருத்தினேன். பெண் பறவை அந்தப் பெட்டியில் அடைகாக்க உட்கார்ந்தது.

தகர வேலிக்கு அந்தப் பக்கம் மருதமுத்துவின் வீடு. அவன் மகள் சந்திரமதிக்கு அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே தின்று கால் வீங்கியிருந்தது. அவளுக்குச் சூப்பு வைத்துக் கொடுக்கப் புறா வளர்த்தான். வல்லூறு அந்தப் புறாக்களைத்தான் தூக்கியது. பசித்தால் அதுவும் தின்ன வேண்டுமல்லவா?

ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இருக்கிற புறாவும் போச்சுன்னா புள்ளைக்கு நான் என்னாத்தக் குடுப்பேன்? அந்தப் பெட்டியப் பிரிச்சுப் போட்டுருங்கண்ணே."

"எனக்கு மூட்டு வலி தம்பி. நாளைக்கு நீயே ஏறிப் பிரிச்சுக்க. மர ஏணி நல்லா கெட்டியா இருக்கு."

அவன் கைகூப்பினான். நல்ல பையன்.

அன்று சாயங்காலம் நானே ஏறி, மர ஏணியின் மேல்படிகளை அடிப்பக்கமாக முக்கால்வாசி அறுத்துவிட்டு வந்தேன். எனக்கு மூட்டு வலி ஒன்றும் கிடையாது.

காலையில் விழுந்தான். உடனே செத்துப்போவான் என்று நினைத்திருந்தேன். இடுப்பு முறிந்து, உயிரோடு கிடந்து கத்தினான். அந்தச் சத்தத்துக்குப் பறவை பெட்டியை விட்டு எழுந்து கோபுரத்தைச் சுற்றியது. அடைகாக்கும் முட்டை சூடு ஆறிவிட்டால் பொரிக்காது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயைப் பொத்தினேன். கோபத்தில் அல்ல. கோபத்தில் நான் யாரையும் தொட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே அவன் மனைவி அஞ்சலையின் குரல் கேட்டது.

"அண்ணே, அவரு இங்க வந்தாரா?"

அவன் கண்கள் அந்தப் பக்கம் திரும்பின. நான் கையை எடுக்காமலே பதில் சொன்னேன்.

"பண்டார் ஹிலிர்ல ஜப்பான்காரங்க சயாம் ரயில்பாதை போட ஆள் புடிக்கிறாங்கம்மா. லாரியில உன் வீட்டுக்காரரையும் ஏத்துனத இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

அவள் அழுதுகொண்டே ஓடினாள். காலடிச் சத்தம் தேயும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். மூச்சு அடங்கிய பிறகு அவனைத் தொழிற்சாலைக் கிணற்றில் இறக்கினேன். நீங்கள் எடுத்த எலும்புகள் அவனுடையவைதான். சயாமிலிருந்து திரும்பி வருபவர்களிடம் அஞ்சலை இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறாளாம். சந்திரமதி அந்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள். குஞ்சுகள் நல்லபடியாகப் பொரித்துப் பறந்தன.

பறவை எப்போது பெட்டிக்குத் திரும்பியது என்று கேட்கிறீர்கள். அஞ்சலை வந்து கூப்பிடுவதற்கு முன்பே திரும்பிவிட்டது, ஐயா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையைத்தான் எடுக்கவில்லை.