ஒரு முனை ஒட்டாத உறை

திருவண்ணாமலை வட்டாரத்தில் பொருளாதாரம் படித்தவர்கள் அத்தனை பேரையும் ஒரு தட்டிலும் என்னை மறு தட்டிலும் உட்கார வைத்தால், என் தட்டுதான் தரையில் இடிக்கும். நான் விண்ணப்பம் போடவில்லை, கட்டணம் கட்டவில்லை, வகுப்பு வாசலை மிதிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற ராஜமாணிக்கமாகிய நான், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று வருஷப் பட்டப்படிப்பை முடித்தேன். பல்கலைக்கழகத்துக்கே இது தெரியாது.

சிரிக்காதீர்கள் ஐயா. தபால் இலாகாவிலிருந்து விசாரணைக்கு வந்தவர் சிரித்தால் நன்றாயிருக்காது. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. கைக்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

மலைக்குப் பின்பக்கத்து ஊர்களுக்கு நான் தபால்காரன். எண்பத்தொன்பதில், வேர்க்கடலை வியாபாரம் செய்த மல்லாட்டைக்காரர் சுப்பிரமணியின் மகள் எழிலரசி அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தாள். அவள் அப்பா என் முன்னால்தான் கெடு வைத்தார். "மூணு வருஷம். டிகிரி வாங்கினா வேலைக்குப் போ. வாங்கலைனா கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு. அப்புறம் அழக்கூடாது." அவள் சரி என்றாள். எழுதினால் தேறிவிடுவோம் என்ற தைரியம் அவளுக்கு.

பாடங்கள் புக் போஸ்ட்டில் வரும். அந்த உறையின் ஒரு முனையை ஒட்டக் கூடாது. உள்ளே கடிதம் ஒளிந்திருக்கிறதா என்று தபால்காரர் பார்ப்பதற்காக அந்த விதி. நான் பார்த்தேன். கடிதம் இல்லை, 'குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' இருந்தது. ஒரே பொருளைத் தின்னத் தின்ன அதன் ருசி குறையும் என்று போட்டிருந்தது. புளியமரத்தடியில் ஒரு குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துச் சோதித்தேன். முதல் பழத்துக்கு என் தோள்மேல் ஏறியது. இருபத்து மூன்றாம் பழத்தை என் முகத்தில் எறிந்தது. எந்தப் பேராசிரியரும் இப்படி நிரூபித்திருக்க மாட்டார்.

முதல் வருஷம் ஒவ்வொரு பாடத்தையும் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு, மறுநாள் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் தாமதத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லாத் தாளிலும் தேறினாள்.

சிக்கல் என் காலில் இருந்தது. ஒரு பாடக்கட்டு படித்து முடித்தால் அடுத்தது வரும்வரை கால் தரையில் பாவாது. சாப்பிடும்போதே எழுந்து நடப்பேன். தபால் பை வரும் பஸ்ஸை எதிர்கொள்ள மூன்று ஸ்டாப் முன்னாலேயே போய் நிற்பேன். அந்த மூன்று வருஷத்தில் மலையைச் சுற்றி நான் மிதித்த மிதிக்கு சந்திரனுக்கே ஒரு நடை போய் வந்திருக்கலாம். கார்த்திகை தீபத்தன்று இருபது லட்சம் ஜனத்துக்கு நடுவே, ஹேண்டில்பாரில் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒருவர் மேலும் இடிக்காமல் ஓட்டியவன் நான்.

இரண்டாம் வருஷத்துப் பாடம் கடினம். ஒரு நாள் போதவில்லை. ஒரு வாரம் வைத்துக்கொண்டேன், பிறகு ஒரு மாதம். பிறகு திருப்பிக் கொடுப்பதில் அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அவள் தினமும் வாசலில் நிற்பாள். "மாமா, எனக்கு இன்னா வந்துச்சு?"

"ஒண்ணும் வரலியேம்மா. மெட்ராஸ்காரனுங்க சோம்பேறிங்க."

பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் பழைய நோட்டை இரவல் வாங்கி அந்த வருஷமும் கரையேறிவிட்டாள். பாடம் வரவில்லையென்று பல்கலைக்கழகத்துக்கு நான்கு கடிதம் எழுதினாள். என் கையில்தான் கொடுத்தாள். அவை பத்திரமாக இருக்கின்றன. ஒன்றையும் பிரிக்கவில்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் நானில்லை.

'நூலகத்தில் படித்திருக்கலாமே' என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நூலகத்துப் புத்தகத்துக்கு யார் காத்திருக்கிறார்கள்? தட்டுப்பாடு இருந்தால்தான் பண்டத்துக்கு மதிப்பு. அந்தப் பெண் வெயிலில் வாசலில் நின்றாளே, அதில்தான் என் பையிலிருந்த பாடத்துக்கு ருசி ஏறியது. இது என் கருத்தில்லை, பாடத்திலேயே இருக்கிறது.

தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில் அவளுடைய பரீட்சை நுழைவுச் சீட்டு வந்தது. அன்று மலையை இரண்டு தரம் சுற்றி யோசித்தேன். அவள் பரீட்சை எழுதினால் தேறிவிடுவாள். தேறினால் கட்டு வருவது நின்றுவிடும். எழுதாவிட்டால் மறுபடி பதிவு செய்வாள், புதுப் பாடத்திட்டத்தில் புதுக் கட்டுகள் வரும். அவளுக்கும் ஒரு வருஷம் கூடுதலாகப் படிக்க வாய்ப்பு. இருவருக்கும் லாபம் என்று பட்டது. சீட்டு என்னிடமே இருந்துவிட்டது.

என் கணக்கில் அவள் அப்பா சுப்பிரமணி வைத்த கெடுவைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஆனி மாதமே கல்யாணம். கட்டும் நின்றது. அதில் நானும் நஷ்டப்பட்டவன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

போன பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில் முருகையன் கடையில் உட்கார்ந்து, வழக்கம்போல என் படிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் எல்லாரும் நம்புவார்கள். நான் சிறுத்தையை சைக்கிள் பம்ப்பால் விரட்டியதையே நம்பியவர்கள். அன்று ஒரே ஒரு குரல் மட்டும் எதிர்த்தது. கிரிவலம் வந்த எழிலரசி, டீ கிளாஸும் கையுமாக நின்றிருந்தாள். தலையில் பாதி நரை.

"அளக்காதீங்க மாமா. மணியார்டர் பாரத்துல எழுத்துக் கூட்டிப் படிச்சவரு நீங்க."

"எதை வேணா கேளும்மா."

"கிஃபன் பண்டம்னா இன்னா?"

"வெலை ஏற ஏற ஏழை அதையே ஜாஸ்தி வாங்குவான். மத்ததெல்லாம் அவன் கைக்கு எட்டாம போயிடுது, அதனால."

கடையில் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. "அது மொத வருஷம். யார்னா சொல்லிக் கொடுத்திருப்பாங்க. நான் நம்ப மாட்டேன்."

பதினைந்து வருஷமாகக் கேட்டவர்களில் சோதித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். விடுவேனா? என் வீடு கடைக்கு எதிரேதானே, ஓடிப்போய்க் கட்டைக் கொண்டுவந்தேன். "பன்னாட்டு வாணிபம், பதினோராம் பாடம். நீயே பிரிச்சுக் கேளு, வரி விடாம சொல்றேன்."

"பதினொண்ணு எனக்கு வரவேயில்லியே" என்றபடி அவள் பிரித்தாள். நடுவிலிருந்து நுழைவுச் சீட்டு விழுந்தது. பக்க அடையாளத்துக்கு வைத்திருந்தேன், கெட்டியான தாள். எடுத்துத் தன் பெயரைப் படித்தாள்.

"இது எப்ப வந்துச்சு மாமா?"

"ஏப்ரல் இருபத்தொண்ணு, காலைத் தபால்" என்றேன் உடனே. எனக்கு ஞாபகசக்தி அப்படி.

குடிக்காத டீயை பெஞ்சில் வைத்தாள். பழைய மடிப்பிலேயே சீட்டை மடித்தாள். கிரிவலக் கூட்டமெல்லாம் ஒரு திசையில் வந்துகொண்டிருக்க, அவள் எதிர்த்திசையில் நடந்து போனாள்.

"பெருசு, இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?" என்றான் முருகையன். மறுநாளிலிருந்து அவன் எனக்கு டீ போடுவதில்லை. படித்தவனைக் கண்டால் சிலருக்குப் பொறாமை.

உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டேன் ஐயா. பாடங்களை எடுத்தேன், கடிதங்களை நிறுத்தினேன், சீட்டை மறைத்தேன். பென்ஷனை நிறுத்துவதும் கோர்ட்டுக்கு அனுப்புவதும் உங்கள் இஷ்டம். ஒரே ஒரு வேண்டுகோள். எழிலரசி கொடுத்த மனுவின் நகல் எனக்கு வேண்டும். எனக்கென்று யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு இடம் பார்த்து ஆணியும் அடித்தாகிவிட்டது. நீங்கள் வாசித்துக் காட்டியபோது கடைசி வரிகளை மறுபடி கேட்டு வாங்கினேன், ஞாபகமிருக்கும்:

'இவர் சொன்னதை அன்று பொய் என்றேன். பொய்யில்லை. மூன்று வருஷமும் படித்தது இவர்தான்.'