முத்திரை வைத்த அடுப்பு

முத்திரையை உடைச்சது நான்தான் ஜட்ஜம்மா, அதை நான் மறைக்கல. ஆனா மொதல்ல கெடுதல் பண்ணது யாருன்னு எழுதறதா இருந்தா, மெத்தோதின்னு எழுதுங்க. அந்தா, ஜன்னலோரமா கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, சுகாதார ஆய்வாளர். அவன்தான்... சரிம்மா, அவருன்னே சொல்றேன். எங்க தெருக்காரரு, டவுசர் போடாத வயசிலேர்ந்து தெரியும், அதான் நாக்கு அப்படி வருது.

சுருக்கமாத்தாம்மா சொல்றேன். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி போச்சு, சர்க்கார் ரொட்டி ஃபேக்டரியை மூடிட்டாங்க. நான் அங்க லாரி ஓட்டினவன். எம்பொஞ்சாதி வெலிச்கா மாவு பிசைஞ்சவ. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சு. அவதான் சொன்னா, திமோ, நம்ம கராஜுல ஒரு அடுப்பு வச்சா தெருவுக்கே ரொட்டி போடலாம்னு. டிவியிலயும் அதையேதான் சொன்னாங்க, இனிமே பல்கேரியாவுல எல்லாரும் சொந்தத் தொழில் பண்ணலாம்னு. நம்பிட்டோம். காரை வித்து அடுப்பு வாங்கினோம்.

மெத்தோதி வந்தாரு, கையில டேப்போட. கூரை தணிவா இருக்குன்னாரு. கூரையத் தூக்க முடியுமா? தரையத் தோண்டினேன். திரும்ப வந்து, தரை ரோட்டை விடப் பள்ளமா இருக்கு, மழைத்தண்ணி உள்ள வரும்னாரு. சாக்கடை வெட்டினேன். தீயணைப்பு ஆபீஸ்லேர்ந்து இன்னொருத்தர் வந்து, கதவு வெளிப்பக்கம் தொறக்கணும்னாரு. மாத்தினேன். நகராட்சிக்காரர் வந்து, நடைபாதையில போறவங்கள இடிக்கும், உள்பக்கம் தொறக்கணும்னாரு. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கய்யான்னேன். அவங்க வேற டிபார்ட்மென்ட், நாங்க பேசிக்கறதில்லன்னாரு.

சிரிக்கறீங்க. நாங்களும் அன்னிக்குச் சிரிச்சோம். கதவே வேணாம், ஜன்னல் வழியா குதிப்போம், உனக்குத்தான் பழக்கமாச்சே, கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பாக்க எங்கப்பன் வீட்டுல குதிச்சவன்தானே நீன்னா வெலிச்கா.

லஞ்சம் கேட்டாங்களான்னா? வாயத் தொறந்து யாரும் கேக்கல. நானும் குடுக்கல. ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கே பெரிய பேக்கரி, அவங்க கதவு எந்தப் பக்கம் தொறக்குதுன்னு போய்ப் பாருங்களேன். சரிம்மா, அது இந்த வழக்குல வராது. விட்டுடறேன்.

கடைசியா கக்கூஸ். வேலை செய்யறவங்கள்ல ஆணுக்குத் தனியா, பெண்ணுக்குத் தனியா இருக்கணுமாம். மெத்தோதி, வேலைக்காரங்கன்னா நானும் இவளும்தான்டா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்களுக்கு ஒரே கக்கூஸ்தான், இதுவரைக்கும் அதுக்காக சண்டை வந்ததில்லன்னேன். சட்டத்துல புருஷன் பொஞ்சாதிக்குன்னு தனியா எதுவும் இல்லன்னாரு. சொல்லிட்டு அடுப்புக் கதவுல கம்பியைக் கோத்து ஈய முத்திரை வச்சாரு. ரெண்டாவது கக்கூஸ் வரட்டும், பிரிச்சுடறேன்னாரு.

அதைக் கட்ட கையில ஒண்ணுமில்ல. பேங்க்ல கேட்டா, லைசென்ஸைக் காட்டுன்னாங்க. லைசென்ஸ் கேட்டா, கக்கூஸைக் காட்டுன்னாங்க. அப்பதான் வெலிச்கா கிரீஸுக்குப் போனா. யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி விடற வேலை. நம்ம பொம்பளைங்க எத்தனையோ பேர் அப்படிப் போனவங்கதானே. மாசாமாசம் பஸ் டிரைவர் கையில கவர் குடுத்தனுப்புவா. நான் டைல்ஸ் ஒட்டினேன். அவ தலைத்துணி கட்டிக்க ஒரு கண்ணாடி மாட்டினேன். கதவுல பெண்கள்னு பெயிண்ட்டுல எழுதினேன். தண்ணிக் குழாய் மட்டும்தான் பாக்கி. போன்ல சொன்னப்ப சிரிச்சா. என் வாழ்க்கையில நீ எனக்குன்னு செஞ்ச ஒரே பரிசு இதுதான்டா, நல்லாயிருன்னா. நடுவுல இருமினா. இங்க குளிரு, வேற ஒண்ணுமில்லன்னா.

முத்திரைக்குத்தாம்மா வரேன். பிப்ரவரியில அதே பஸ்ல அவளைக் கொண்டாந்தாங்க, பின்சீட்டுல படுக்க வச்சு. நுரையீரல். அந்த மாசமே போயிட்டா. பெண்கள்னு எழுதின கதவை அவ தொறக்கவே இல்ல.

செத்தவங்க பேர்ல நாப்பதாம் நாள் பங்கிடற ரொட்டியை வெளிய வாங்கறதா? அவளுக்கு? கட்டிங் பிளேயரை எடுத்தேன், கம்பியை வெட்டினேன். மாவு நானே பிசைஞ்சேன். கொஞ்சம் கெட்டியாத்தான் வந்துச்சு. அந்த அடுப்புல இதுவரைக்கும் வெந்தது அது ஒண்ணுதான்.

வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் ஒரு துண்டு குடுத்தேன். அந்த ரொட்டியை வாங்கினா செத்தவங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லியாகணுமே, வாங்கினவங்க நம்ம வழக்கப்படி சொன்னாங்க, கடவுள் அவளை மன்னிக்கட்டும்னு. தபால்காரர் சொன்னாரு. போலீஸ்காரர் தொப்பியைக் கழட்டிட்டுச் சொன்னாரு. பஸ்ஸை விட்டு எறங்கின யாரோ வெளியூர்ப் பொண்ணு, வெலிச்கா யாருன்னே தெரியாது, அதுகூட சொல்லுச்சு. புகையைப் பாத்துட்டு மெத்தோதி வந்தாரு. அவருக்கும் நீட்டினேன். வாங்கினாரு. பிளாஸ்டிக் பையில போட்டு, முடிச்சுப் போட்டு, மேல நம்பர் எழுதினாரு. ஆதாரமாம். லேப் ரிப்போர்ட் உங்க மேசையிலதான் இருக்கு, பாருங்க. சாப்பிட ஏத்ததுன்னு வந்திருக்கு.

அபராதம் எவ்வளவு வேணாலும் போடுங்கம்மா, கட்டறேன். ஆனா அவரு அவளோட ரொட்டியைக் கைநீட்டி வாங்கினாரு. வாங்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லல. எழுந்து நின்னு அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க.

கோர்ட்டு கட்டாயப்படுத்த முடியாதா? சரி. நீங்க அடுத்த வழக்கைப் பாருங்கம்மா. நான் வெளிய பெஞ்சில உக்காந்திருக்கேன். அவரு அந்த வழியாத்தானே போகணும்.