சுறாவுக்கு எட்டுக் கால்

மார்த்தாண்டத்தில் நான் அருமனைப் பேருந்தில் ஏறியதும், முன் இருக்கையில் மடிக்கணினியைத் திறந்த பெண் பக்கத்திலிருந்த இளைஞனிடம் சொன்னாள்:

“மக்கா, நம்ம கேம்ல சுறாவுக்கு எட்டு காலு வந்திருக்கு.”

அதற்குமேல் நான் சன்னல் பக்கம் திரும்பவில்லை.

“சுறா வேண்டாம், நண்டு வரைன்னு விஜின்ட்ட சொன்னோம்லா?”

“அது ஒரு சாட் ஆப்ல. எட்டு காலு வைன்னு சொன்னது வேற ஆப்ல. அவன் ரெண்டாவதத்தான் பாத்திருக்கான்.”

“மூணு பேரு கேம் பண்ண நாலு ஆப் எதுக்குட்டி?”

“நீதானலே ஒவ்வொண்ணா ஏத்துன!”

“நாளைக்குப் போட்டிக்கு அனுப்பணும். ஒண்ண மட்டும் வச்சிட்டு மத்தத அழிச்சிருவோம்.”

“எத வைக்க?”

“விஜின் எதப் பாக்கானோ, அத.”

“எதப் பாக்கான்?”

“நாலுலயும் கேட்டுட்டேன். பதில் இல்ல.”

“அதான் அவன் வீட்டுக்கே போறோமே, கேட்டுருவோம்.”

எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட எங்கள் வண்டி ஓரமாக நின்றது. அந்தப் பெண் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

“ஏலே விஜின்! எங்கல போற?”

எதிர்ப் பேருந்தின் சன்னலில் ஒருவன் எழுந்து நின்றான்.

“உங்களத் தேடித்தான் வாறேன்! சுறாவுக்கு எதுக்கு எட்டு காலு?”