ஆறு வரி மெத்தை

ஹலோ... ஜனகா? டெரன்ஸ் பேசறேன்... ஆமா, ஆமா, சர்ச்சுலதான் இருக்கேன்... இதுக்கு மேல சத்தமா பேச முடியாது லா. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள இருக்கேன்... இல்ல, முட்டி போடற பக்கம் இல்ல. ஃபாதர் உட்கார்ற பக்கம்.

பர்மிஷன் எல்லாம் வாங்கிட்டேன். அவரு பாத்ரூம் போயிருக்காரு. பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சுடுன்னாரு... ஆமா, பிளாஸ்டிக் நாற்காலி கொண்டாந்துட்டேன். ஜீப் சீட்டைத் தூக்கிட்டு இதை வைக்கணும். அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்னுட்டாரு.

நீ எங்க இருக்கே?... கார்பார்க் அஞ்சாவது மாடியா? பழைய வண்டி கிளப்புலேர்ந்து செக் பண்ண விஸ்வலிங்கம் அங்கிள் வந்துட்டாரா?... எப்ப?... மூணு மணிக்கேவா? அவரை நாலு மணிக்குத்தானே வரச் சொன்னேன்... சரி, சரி. நாப்பது வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பாத்தவரு, அப்படித்தான் வருவாரு. என்ன பண்றாரு?... பின்னாடி பாக்கற கண்ணாடியைத் தொடச்சாரா? பாஸா?... சரி. ஸ்டியரிங்?... பாஸ். மத்த மூணு சீட்டு?... மூணும் ஒரிஜினல். அதான் சொன்னேனே. டிரைவர் சீட்டு ஒண்ணுதான் பாக்கி.

கையில என்ன வச்சிருக்காரு?... கம்பியும் ஈயமுமா? அது என்னத்துக்கு?... தெரியலேன்னா விடு. அவரு பையில ஆயிரம் இருக்கும்.

இப்ப கேளு. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். சீட்டோட இரும்புல, பின் கால்கிட்ட, நம்பர் குத்தியிருக்கு... ஆமா. நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு... வண்டித் தகட்டுல அதே நம்பரா? நல்லாப் பாரு... அதேதானே? பாத்தியா! ஆம்ப்ரோஸ் மாமா பொய் சொல்லல. 'ஃபாதருக்கு முதுகு வலி, என் டிரைவர் சீட்டைக் கழட்டிக் குடுத்துட்டேன்'னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஒருத்தரும் நம்பல. வண்டி ஓட்டத் தெரியாம கழட்டிட்டாருன்னுதான் எல்லாரும் சிரிச்சாங்க.

என்ன... அங்கிள் என்ன சொல்றாரு?... இரும்பு மட்டும் பத்தாதா? மெத்தையும் வேணுமா?... சரி, மெத்தையும் இங்கதான் இருக்கு, அதுமேலதான் உட்கார்ந்திருக்கேன். எப்படிக் கண்டுபிடிக்கறது?... மேல நீளவாக்குல தையல் வரி. எத்தனை?... ஆறு. மத்த மூணு சீட்டுலயும் ஆறா? இரு, எண்ணறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு...

இரு. திரும்ப எண்ணறேன்.

அஞ்சு... அஞ்சுதான்டா... இருட்டு இல்ல, விரலால எண்ணறேன். அஞ்சு வரிதான் இருக்கு. துணி வேற மாதிரி இருக்கு. பூ போட்டிருக்கு... ஜீப்புல எவன்டா பூப்போட்ட சீட்டு போடுவான், எனக்கும் தெரியுது.

போச்சு.

அங்கிள்கிட்ட கேளு, அஞ்சு வரியை ஒத்துக்குவாரான்னு... அவருகிட்ட கெஞ்சேன் லா... முடியாதா?... ஒரு வரிதானே குறையுது... சரி, சரி, கத்த வேண்டாம்னு சொல்லு. எனக்கே கேக்குது.

நீ எனக்குச் சொல்லாதே ஜனகா. அஞ்சு மணிக்குள்ள எல்லாம் ஒரிஜினல்னு அவரு கையெழுத்துப் போடலேன்னா கிளப் லெட்டர் இல்ல. லெட்டர் இல்லேன்னா திங்கக்கிழமை காலையில வண்டியை இழுத்துட்டுப் போயி நசுக்கிடுவாங்க. தெரியும். கார்பார்க் நோட்டீஸை நீதான் ஒட்டுன மாதிரி பேசறியே.

இல்ல, எனக்கு மாமா ஞாபகம், பாசம், அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. உனக்கு அது வண்டி. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதுக்கு அடியில படுத்துக் கிடக்கறே. எனக்கு அது படுக்கை. அவ்வளவுதான். ராத்திரி செக்யூரிட்டி வேலை போயி எட்டு மாசம் ஆச்சு, இன்னும் ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது. பகல்ல வீட்டுல படுத்தா மேல் வீட்டுக்காரன் டிரில் போடறான். அந்த ஜீப்புல தலையைப் பின்னாடி வச்சு, காலை பிரேக் வரைக்கும் நீட்டினா அஞ்சு மணி நேரம் பொணம் மாதிரி தூங்கறேன். வேற எங்கயும் வரமாட்டேங்குது. டாக்டர் மாத்திரை குடுத்தாரு, அதுவும் வேலைக்காகல. ஜீப்தான் வேலை செய்யுது.

இரு... இரு. யாரோ வர்றாங்க.

அந்தப் பக்கம் வந்து முட்டி போட்டுட்டாங்க ஜனகா... நான் என்ன பண்றது? கதவைத் திறந்து ஓடினா வெளிய எட்டுப் பேர் வரிசையில நிக்கறாங்க...

அம்மா, ஃபாதர் இல்லம்மா... ஃபாதர் பாத்ரூம் போயிருக்காரு... நான் ஃபாதர் இல்ல...

காது கேக்கல அவங்களுக்கு. ஆரம்பிச்சுட்டாங்க... குரலு... ஐயோ. பிலோமினா அத்தைடா... ஆமா, என் அத்தை. ஆம்ப்ரோஸ் மாமா பொண்டாட்டி. காது மெஷினை வீட்டுல விட்டுட்டு வந்திருப்பாங்க, பேட்டரி தீந்துடும்னு மிச்சம் பிடிக்கறவங்க.

அத்தை... நான் டெரன்ஸ்... டெ-ர-ன்-ஸ்...

ம். 'ஆமென்'ங்கறாங்க.

வேணும்னு கேக்கல லா, ஒரு ஜாண் தூரத்துல பேசறாங்க, காதைக் கழட்டியா வைக்க முடியும்?... பக்கத்து வீட்டுக்காரி கோழிக் குழம்பைப் பத்திப் பொய் சொன்னாங்களாம். நல்லா இருக்குன்னு... ம்... டிவி பாத்துக்கிட்டே ஜெபமாலை சொன்னாங்களாம்... ம்...

என்னது?

ஜனகா. ஜனகா, பேசாதே. ஒரு நிமிஷம் பேசாதே.

...

அடக் கடவுளே.

சொல்றேன், இரு... மெத்தையை எடுத்தது இவங்கதான்! பதினோரு வருஷத்துக்கு முன்னாடி... முட்டி தேஞ்சு போச்சாம். பலகையில முட்டி போட்டா உயிர் போகுதாம். வீட்டுலேர்ந்து தலையணை கொண்டாந்தா வரிசையில இருக்கறவங்க சிரிப்பாங்களாம். அதனால ஒரு சனிக்கிழமை ஃபாதர் உட்கார்ற மெத்தையை உருவி முட்டி போடற பக்கம் வச்சுட்டு, அவருக்கு வீட்டு சோஃபா உறையில ஒண்ணு தைச்சு வச்சுட்டாங்களாம்... ஆமா, பூப்போட்டது... துணி பத்தலையாம், அதான் அஞ்சு வரி.

இப்ப எங்கயா? டேய், அதுமேலதான் முட்டி போட்டுக்கிட்டு இருக்காங்க! எனக்கு நேர் எதிரே! நடுவுல ஒரு பலகைதான்!

மாமா ஞாபகத்துக்காகவான்னு நானும் நினைச்சேன்... இல்லையாம். முட்டிக்காகத்தானாம். அதைத் தெளிவாச் சொல்லிட்டாங்க. மாமா அந்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி ஏத்திக்கிட்டுப் போயிதான் முட்டியே தேஞ்சுதாம்.

யாரு சிரிக்கறது?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? அணைடா அதை! அது அவங்க பாவம், உனக்கும் விஸ்வலிங்கம் அங்கிளுக்கும் என்ன வேலை அங்க?... அங்கிள் என்னங்கறாரு?... பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை ஆதாரமா எடுத்துக்க மாட்டாரா? அவரு சைனாடவுன் மாரியம்மன் கோயில்ல தொண்டு பண்றவரு, அவருக்கு எங்க சட்டம் எப்படித் தெரியும்?... பாத்துச் சொல்லணும், கேட்டுச் சொல்லக் கூடாது. சரி. ஃபோட்டோ அனுப்பவா?... கையால தொட்டுப் பாக்கணும். சரி, சரி, கொண்டு வர்றேன்.

அத்தை, எழுந்திரிங்க... போதும், எழுந்திரிங்க...

எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. மன்னிப்புக் கேக்கறாங்க... நான் எப்படிக் குடுக்கறது? நான் ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்தே பன்னெண்டு வருஷம் ஆச்சு. நான் 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னா அது வேற பாவம்... உனக்கு என்னடா, நீ சுலபமாச் சொல்லுவே.

மணி என்ன?... நாலு முப்பத்தஞ்சா?

காலடிச் சத்தம்... ஃபாதர்! ஃபாதர் வந்துட்டாரு.

ஃபாதர், சாரி ஃபாதர்... இல்ல ஃபாதர், நான் ஒண்ணும் சொல்லல. நாலு தடவை 'நான் ஃபாதர் இல்ல'ன்னு சொன்னேன், 'ஆமென், ஆமென்'னாங்க... தெரியும் ஃபாதர். வெளிய யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்...

ஃபோனா? இது... இதுல யாரும் இல்ல ஃபாதர்.

...ஜனகா, மூச்சு விடாதே.

இல்ல ஃபாதர், அந்த முதுகு வளையாத நாற்காலி உங்களுக்கு நல்லது. நான் இரும்பைத் தூக்கிடறேன். காலைக் கொஞ்சம் நகத்துங்க... தேங்க்ஸ் ஃபாதர். ஒரே ஒரு உதவி. அந்தப் பக்கம் இருக்கறவங்களைக் கொஞ்சம் சீக்கிரமா மன்னிச்சுடுங்க... இல்ல, என்னன்னு நான் சொல்ல முடியாது. அவங்களே முதல்லேர்ந்து சொல்லுவாங்க.

ஹலோ, ஹலோ. வெளிய வந்துட்டேன். இரும்பு கையில இருக்கு. முறைக்கறாங்க எல்லாரும்... 'வரிசையில நில்லு'ங்கறாரு ஒருத்தரு. நான் நாற்காலி எடுக்க வந்தேன் சார், பாவம் சொல்ல வரல... ஆமா, இது சீட்டுதான்... ஆமா, ஜீப் சீட்டுதான்... அப்புறம் சொல்றேன்.

இன்னும் வரல... கோழிக் குழம்புலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சிருப்பாங்க... நாலு நாப்பது... டாக்ஸி புக் பண்ணிட்டேன், ரெண்டு நிமிஷத்துல வந்துடும்... கவலைப்படாதே லா, இங்கேர்ந்து புக்கிட் மேரா கார்பார்க் என்ன தூரம்.

வந்துட்டாங்க. ஜெபம் சொல்ல முன் பெஞ்சுக்குப் போறாங்க. மெத்தை உள்ளயே இருக்கு... அக்கா, ஒரு செகண்ட், நீங்க முட்டி போடறதுக்கு முன்னாடி இதை மட்டும்... தேங்க்ஸ் அக்கா.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஆறு! ஆறு வரி ஜனகா! கறுப்புத் துணி! நடுவுல ரெண்டு குழி, அத்தையோட முட்டி. அது பரவால்லயான்னு அங்கிள்கிட்ட கேளு... பரவால்லயா? உபயோகத்துல தேஞ்சதை ஒத்துக்குவாரா? நல்ல மனுஷன்!

வாசலுக்கு வந்துட்டேன். டாக்ஸியும் வந்துட்டான். பத்து நிமிஷம், நீ ஸ்பேனரை எடுத்து வை. போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிட்டு, அவரு படி இறங்கினதும் கழட்டிடலாம்...

ஏன்?

கழட்ட முடியாதா? ஏன் முடியாது, நாலு போல்ட்டுதானே... கம்பி... ஈயம்... ம்... நாலு போல்ட்டுக்கும் சீல் வச்சுடுவாரா? ... வருஷா வருஷம் வந்து பாப்பாரா? சீல் உடைஞ்சிருந்தா லெட்டர் செல்லாதா?

...

ஜனகா. டிரைவர் சீட்டு அங்க வந்துட்டா நான் காலை எங்க நீட்டறது?

இல்ல, நான் விளையாடல. இவ்வளவு நாள் அந்த ஓட்டையிலதானே நீட்டிக்கிட்டு இருந்தேன்... மடிச்சுக்கிட்டா? அஞ்சடி பதினோரு அங்குலத்தை எப்படி மடிக்கறது?... உட்கார்ந்துக்கிட்டே தூங்கவா? உட்கார்ந்துக்கிட்டே தூங்கினதுக்குத்தானே என்னை வேலையை விட்டே தூக்கினாங்க. அதுவும் தூக்கமே இல்ல, சும்மா கண்ணு மூடினது.

தெரியும்... தெரியும் ஜனகா. கொண்டு வந்தா வண்டி இருக்கும், கால் நீட்ட இடம் இருக்காது. கொண்டு வரலேன்னா திங்கக்கிழமை வண்டியே இருக்காது. தெரியும்னு சொல்றேனே... நீ மூணு வருஷம் உழைச்சே, தெரியும். சாரி... நிஜமாத்தான் சொல்றேன், சாரி.

டிரைவர் ஹாரன் அடிக்கறான்... ஒரு நிமிஷம் பிரதர்... ஒரு நிமிஷம்.

அத்தை வர்றாங்க. தூணைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கறாங்க... என்னைப் பாத்துட்டாங்க. கையில இருக்கறதையும் பாத்துட்டாங்க. முகமே செத்துப் போச்சு.

அத்தை... அத்தை, இந்தாங்க... இல்ல, யாரும் ஒண்ணும் சொல்லல... கூண்டுக்குள்ள இருந்துச்சு, தொடைக்கறதுக்காக எடுத்தேன். இருந்த இடத்துலயே வச்சுடுங்க... ஆமா. இரும்பு ஃபாதருக்கு, நானே கொண்டுபோயி வைக்கறேன்... ஆமா, மெத்தை உங்களுக்கு... அடுத்த வாரமும் வாங்க அத்தை. மெஷினைப் போட்டுக்கிட்டு வாங்க.

ஜனகா? இருக்கியா?... திட்டு, திட்டு. பரவால்ல... அங்கிள்கிட்ட மெத்தை கிடைக்கலைன்னு சொல்லிடு... பொய்தான். அடுத்த தடவை ஃபாதர்கிட்ட வந்து சொல்லிக்கறேன்.

அவரு இப்ப எங்க நிக்கறாரு?... வண்டிக்குள்ளயா? டிரைவர் சீட்டு இடத்துலயா? கீழ இறங்கச் சொல்லு. பையையும் எடுத்துக்கச் சொல்லு. இரும்பை உள்ள வச்சுட்டு டாக்ஸியில ஏறறேன், இன்னும் பத்து நிமிஷத்துல நான் அங்க படுக்கணும்... பின்ன? திங்கக்கிழமைக்கு ரெண்டு நாள்தானே இருக்கு. வை.